வானம் காட்டும் வழி

கடலில் கலம் செலுத்திய முன்னோருக்கு இரவு வானமே வரைபடமாக இருந்தது. வடக்கே அசையாமல் நிற்பதுபோல் தோன்றும் துருவ விண்மீனின் உயரத்தை அளந்து, தாங்கள் நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கே இருக்கிறோம் என்பதை அவர்கள் கணித்தனர். சென்னையில் அவ்விண்மீன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 13 பாகை உயரத்தில் தெரியும். கோலாலம்பூரிலோ அதன் உயரம் ஏறத்தாழ 3 பாகை மட்டுமே. மரமோ மேகமோ எளிதில் அதை மறைத்துவிடும்.

இன்று வழிகாட்டுவதற்கு மனிதனே வானில் விளக்குகளை ஏற்றி வைத்திருக்கிறான். அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும், சட்டைப்பையில் கிடக்கும் திறன்பேசி இரவு பகல் பாராமல் அவற்றின் குரலைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. உலகளாவிய இடங்காட்டி அமைப்பு எனப்படும் ஜி.பி.எஸ். அவ்வாறு செயல்படுகிறது. சாலையில் வழி கேட்க மட்டுமன்றி, மலையேறவும் காட்டுப் பாதையில் வாகனம் ஓட்டவும் புதையல் தேடி விளையாடவும் அது துணைபுரிகிறது. எனினும், அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை அறிந்தவருக்கே அது நல்ல துணையாகும்.

வானில் சுற்றும் கடிகாரங்கள்

ஜி.பி.எஸ். அமைப்பை உருவாக்கியது அமெரிக்கத் தற்காப்புத் துறை. அதன் முதல் செயற்கைக்கோள் 1978ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஏவப்பட்டது. 1995இல் அமைப்பு முழுமையாகச் செயல்படத் தொடங்கியது. குறைந்தது 24 செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தபடி, ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு இருமுறை பூமியைச் சுற்றி வருகின்றன. இரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகிய அமைப்புகளும் இப்பணியைச் செய்கின்றன. இந்தியாவும் தன் வட்டாரத்திற்கென நாவிக் என்னும் அமைப்பை நிறுவியுள்ளது. புதிய திறன்பேசிகள் பல, ஒரே நேரத்தில் இவற்றுள் சிலவற்றின் குறிப்பலைகளைப் பெறுகின்றன.

இடத்தைக் கண்டறியும் முறையை இடி மின்னலைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். மின்னல் தெரிந்து எத்தனை நொடிக்குப் பிறகு இடி கேட்கிறது என்று எண்ணினால், மின்னல் எவ்வளவு தொலைவில் அடித்தது என்பதைக் கணிக்க முடியும். அதுபோலவே, ஒவ்வொரு செயற்கைக்கோளும் தான் இருக்கும் இடத்தையும் அப்போதைய நேரத்தையும் வானொலி அலைகளாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அவ்வலை நொடிக்கு ஏறத்தாழ 300,000 கிலோமீட்டர் வேகத்தில் பயணம் செய்கிறது. நேர் மேலே இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து தரைக்கு வர அதற்கு 0.067 நொடி போதும். அந்த நேரத்தை அளந்தால் தொலைவு கிடைத்துவிடும்.

மூன்று செயற்கைக்கோள்களின் தொலைவு தெரிந்தால் இடத்தைக் கணிக்கலாம். ஆனால், திறன்பேசியின் கடிகாரம் அவ்வளவு துல்லியமானதன்று. நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தொலைவு 300 மீட்டர் மாறிவிடும். ஆகவே, அப்பிழையைத் திருத்திக்கொள்ள நான்காவது செயற்கைக்கோளும் தேவைப்படுகிறது. திறந்த வானத்தின் கீழ் ஒரு திறன்பேசி ஏறத்தாழ 5 மீட்டர் துல்லியத்தில் இடத்தைக் காட்ட முடிவதற்கு இக்கணக்கே காரணம்.

இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் செய்தி ஒன்றுண்டு. கருவி அலைகளைப் பெறுகிறதே தவிர, செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை. வானொலிப் பெட்டி பாட்டுக் கேட்பதற்கு மட்டும் உதவுவதைப் போன்றது இது. அதனால் தொலைபேசித் தொடர்பே கிடைக்காத அடர்ந்த காட்டிலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். அதே காரணத்தால், வழி தவறியவர் எங்கே இருக்கிறார் என்பது அவருடைய கருவிக்குத் தெரிந்தாலும் வெளியுலகிற்குத் தெரியாது. அதை யாரேனும் எடுத்துச் சொன்னால்தான் உதவி வரும்.

வாளியில் தொடங்கிய விளையாட்டு

தொடக்கத்தில் பொதுமக்களுக்குக் கிடைத்த ஜி.பி.எஸ். குறிப்பலைகளில் வேண்டுமென்றே பிழை சேர்க்கப்பட்டிருந்தது. எதிரிகள் அதைத் தங்களுக்கு எதிராகப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதே அமெரிக்க அரசின் அச்சம். அதனால் கருவி காட்டிய இடம் 100 மீட்டர்வரை தவறக்கூடும். 2000ஆம் ஆண்டு மே முதல் நாளன்று, அப்பிழை நீக்கப்படும் என அதிபர் பில் கிளிண்டன் அறிவித்தார். அன்றிரவே அது நீக்கப்பட்டது. உலகெங்கும் உள்ள கருவிகள் ஒரே இரவில் பல மடங்கு துல்லியம் பெற்றன.

அத்துல்லியத்தைச் சோதித்துப் பார்க்க விரும்பினார் டேவ் அல்மர் என்னும் அமெரிக்கர். அவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்னும் ஊருக்கு அருகே, காட்டோரத்தில் ஒரு கறுப்பு வாளியை ஒளித்துவைத்தார். அதனுள் சில புத்தகங்கள், ஓர் உண்டிவில், ஒரு டின் பீன்ஸ் முதலிய பொருள்களும் வருவோர் பெயர் எழுத ஒரு குறிப்பேடும் இருந்தன. பிறகு, அவ்விடத்தைக் குறிக்கும் எண்களை இணையத்தில் வெளியிட்டார். "ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு ஒன்றை வைத்துவிட வேண்டும்" என்பதே அவர் விதித்த நிபந்தனை. மூன்று நாள்களுக்குள் இருவர் அவ்வாளியைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டனர்.

அம்மாத இறுதிக்குள் இவ்விளையாட்டுக்கு 'ஜியோகேச்சிங்' என்னும் பெயர் கிடைத்தது. இன்று உலகெங்கும் இலட்சக்கணக்கான இடங்களில் இத்தகைய பெட்டிகள் ஒளித்துவைக்கப்பட்டுள்ளன. மலேசியாவும் சிங்கப்பூரும் அவற்றுள் அடங்கும். அல்மர் வாளியை வைத்த இடத்தில் இப்போது ஒரு நினைவுப் பலகை பதிக்கப்பட்டிருக்கிறது.

ஒளித்துவைத்துத் தேடும் ஆர்வம் ஜி.பி.எஸ்.ஸுக்கும் முந்தியது. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டு நிலத்தில் 1854ஆம் ஆண்டிலேயே ஒரு வழிகாட்டி, நெடுந்தூரம் நடந்து வருவோர் தம் வருகையைப் பதிவு செய்வதற்காக ஒரு குடுவையை வைத்திருந்தார். அதன் தொடர்ச்சியாக வளர்ந்த பெட்டி தேடும் வழக்கம் அங்கு இன்றும் நிலவுகிறது. அங்கே குறிப்புகளும் திசைகாட்டியும் செய்த வேலையை ஜியோகேச்சிங்கில் எண்கள் செய்கின்றன.

எண்களைப் படிக்கும் கலை

அல்மரின் வாளி இருந்த இடம், வடக்கு 45 பாகை 17.460 நிமிடம், மேற்கு 122 பாகை 24.800 நிமிடம். முதல் எண் அட்சரேகை. அது நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே எவ்வளவு தொலைவு என்பதைக் காட்டுகிறது. அடுத்தது தீர்க்கரேகை. அது இங்கிலாந்தின் கிரீனிச் வழியே செல்லும் கோட்டிலிருந்து மேற்கே எவ்வளவு தொலைவு என்பதைக் காட்டுகிறது. மணி 60 நிமிடங்களாகப் பிரிக்கப்படுவதைப் போலவே பாகையும் 60 நிமிடங்களாகப் பிரிக்கப்படுகிறது.

அட்சரேகையில் ஒரு பாகை என்பது தரையில் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஒரு நிமிடம் என்பது ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர். நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இரண்டு மீட்டருக்கும் குறைவு. எனவேதான் புள்ளிக்குப் பின்னால் உள்ள மூன்று இலக்கங்களையும் ஒன்று விடாமல் எழுத வேண்டியிருக்கிறது.

இதே இடத்தை வேறு வடிவிலும் எழுதலாம். 17.460 நிமிடத்தை 60ஆல் வகுத்தால் 0.291 பாகை கிடைக்கும். ஆகவே, அட்சரேகை 45.291 பாகை ஆகிறது. இரண்டும் ஒரே இடம்தான். ஆனால், இவ்வேறுபாட்டை அறியாத ஒருவர் 45 பாகை 17.460 நிமிடத்தை '45.1746' என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? அவர் சொல்லும் இடம் உண்மையான இடத்திலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும்.

விளையாட்டில் இப்பிழை நேர்ந்தால் ஒரு பெட்டி கிடைக்காமல் போகும், அவ்வளவுதான். காட்டில் கால் முறிந்து கிடப்பவருக்காக 999க்கு அழைக்கும்போது இப்பிழை நேர்ந்தால், மீட்புக் குழுவினர் தவறான மலைச்சரிவில் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆகவே, எண்களை ஒவ்வோர் இலக்கமாக வாசிக்க வேண்டும். புள்ளி எங்கே வருகிறது, பாகையா நிமிடமா என்பதையும் சொல்ல வேண்டும். கேட்டவரை அதைத் திரும்பச் சொல்லுமாறு வேண்டிச் சரிபார்ப்பதும் அவசியம்.

கடைசிப் பத்து மீட்டர்

புதையல் தேடச் செல்பவர் முதலில் கருவியின் அம்புக்குறியைப் பின்பற்றுகிறார். திரையில் தொலைவு 300 மீட்டர், 200 மீட்டர் எனக் குறைந்துகொண்டே வருகிறது. பத்து மீட்டரை நெருங்கியதும் அம்புக்குறி நிலைகொள்ளாமல் இங்குமங்கும் சுழலத் தொடங்குகிறது. கருவி பழுதாகிவிட்டதோ என்று புதியவர்கள் திகைப்பதுண்டு. உண்மையில் அது பழுதன்று. பெட்டியை வைத்தவரின் கருவி 5 மீட்டர் பிழைத்திருக்கலாம். தேடுபவரின் கருவியும் 5 மீட்டர் பிழைக்கலாம். இரண்டும் சேர்ந்தால் பெட்டி பத்து மீட்டர் சுற்றளவில் எங்கு வேண்டுமானாலும் இருக்கும்.

அனுபவமிக்கவர்கள் அந்நிலையில் கருவியைப் பையில் வைத்துவிட்டுக் கண்ணைப் பயன்படுத்துவார்கள். இயற்கைக்கு மாறாக அடுக்கப்பட்ட கற்கள், மரப்பொந்தின் வாயில் சாய்த்து வைத்த பட்டை, வேலியில் தேவையின்றித் தொங்கும் ஒரு குழாய் என ஒவ்வொன்றையும் கண்ணும் கருத்துமாக நோக்குவார்கள். ஒளித்தவர் எப்படிச் சிந்தித்திருப்பார் என்றும் எண்ணிப் பார்ப்பார்கள். கருவி நூறு மீட்டரைக் கடக்க உதவியிருந்தாலும் கடைசிப் பத்து மீட்டரைக் கடக்க மனிதனின் உற்றுநோக்கும் திறனே உதவுகிறது.

இவ்விளையாட்டுக்கெனச் சில நெறிகள் உள்ளன. கண்டவர் குறிப்பேட்டில் பெயரையும் நாளையும் எழுத வேண்டும். ஒரு பொருளை எடுத்தால் அதற்கு ஈடான அல்லது அதைவிட மேலான பொருளை வைக்க வேண்டும். பெட்டியை இருந்த இடத்திலேயே இருந்தபடியே வைக்க வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. நிலத்துக்குரியவரின் ஒப்புதலும் தேவை. முதல் வாளியில் பீன்ஸ் இருந்ததென்னவோ உண்மை. இன்று உணவுப்பொருள் வைப்பதற்கு இடமில்லை. மணத்தை நுகர்ந்துவரும் விலங்குகள் பெட்டியைச் சிதைத்துவிடும் என்பதோடு, அவற்றுக்கும் அது தீங்காக முடியும்.

மழைக்காட்டுப் பாதையில்

திறந்த வெளியில் துல்லியமாக இயங்கும் கருவி மழைக்காட்டில் தடுமாறுவதற்குக் காரணங்கள் உள்ளன. 20,000 கிலோமீட்டர் கடந்து வரும் குறிப்பலை மிகவும் மெலிந்தது. ஈரமான அடர்ந்த இலைகள் அதை மேலும் மெலியச் செய்கின்றன. ஆழ்ந்த பள்ளத்தாக்கில் வானத்தின் ஒரு பகுதி மறைந்துவிடுவதால் போதிய செயற்கைக்கோள்கள் கருவியின் பார்வையில் படுவதில்லை. பாறைச்சுவரில் மோதித் திரும்பி வரும் அலை, நேராக வந்ததைவிட நீண்ட வழியில் வருவதால் தவறான தொலைவைக் காட்டும். ஆகவே, காட்டில் இடத்தைச் சரிபார்க்க விரும்புபவர் மரக்கூரை விலகியிருக்கும் ஓர் இடைவெளியிலோ முகட்டிலோ சற்று நேரம் நின்று பார்ப்பது நல்லது.

திரையில் தெரியும் தொலைவு நேர்க்கோட்டுத் தொலைவு என்பதையும் மறக்கலாகாது. முகாம் 400 மீட்டர் தூரத்தில் இருப்பதாகக் கருவி காட்டலாம். இடையில் செங்குத்தான பள்ளமும் பெருக்கெடுத்த ஆறும் இருந்தால், அந்த 400 மீட்டரைக் கடக்க இரண்டு மணி நேரம் ஆகக்கூடும். வழி தவறியவர்கள் குறுக்கு வழியில் இறங்கி மேலும் சிக்கிக்கொள்வதற்கு இத்தகைய தவறான கணிப்பே பலமுறை காரணமாகிறது.

இதற்கான மாற்றுவழி மிக எளிது. புறப்படும் இடத்திலேயே தடப்பதிவை இயக்கிவிட வேண்டும். நடந்து செல்லும் பாதையைக் கருவி புள்ளி புள்ளியாகப் பதிந்துகொண்டே வரும். ஐயம் எழும்போது புதுவழி தேடாமல், பதிவான தடத்தின் வழியே வந்த பாதையிலேயே திரும்பலாம். வாகனம் நிறுத்திய இடம், பாதை பிரியும் இடம், நீர் கிடைக்கும் இடம் ஆகியவற்றுக்கு இடக்குறி இட்டு வைப்பதும் பெரிதும் உதவும்.

ஆயத்தப் பணிகளை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். தொலைபேசித் தொடர்பு இல்லாத இடத்திலும் ஜி.பி.எஸ். இடத்தைச் சொல்லும்; ஆனால், வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கம் செய்யாவிட்டால் அவ்விடம் வெறும் வெள்ளைத் திரையில் ஒரு புள்ளியாகவே தெரியும். தொடர்பைத் தேடித் தேடித் திறன்பேசியின் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், காட்டினுள் அதை விமானப் பயண முறையில் வைக்கலாம். கூடுதல் மின்னூட்டத்திற்குப் பவர் பேங்க், நனையாத உறை, கைவிளக்கு, தாளில் அச்சிட்ட வரைபடம், திசைகாட்டி ஆகியவையும் உடன் இருக்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் மாலை ஏழு மணி அளவில் கதிரவன் மறைகிறது. மரக்கூரையின் கீழ் அதற்கு முன்பே இருள் கவிந்துவிடும். பல காப்புக்காடுகளில் மலையேற வனத்துறையின் அனுமதி தேவை. அனுமதி பெறுவதால் யார், எத்தனை பேர், எங்கே சென்றனர் என்னும் விவரம் பதிவாகிறது. ஆபத்து நேர்ந்தால் மீட்புக் குழுவினருக்கு அதுவே முதல் தடயம்.

சேற்றிலும் செம்பனை நிரைகளிலும்

நான்கு சக்கர இயக்க வாகனத்தில் கரடுமுரடான பாதைகளில் பயணம் செய்வதும் பலர் விரும்பும் சாகசமாகும். 1997ஆம் ஆண்டு மலேசியாவில் தொடங்கிய 'மழைக்காட்டுச் சவால்' போட்டி, மழைக்காலத்தில் நடத்தப்படுவதாலேயே புகழ்பெற்றது. சேறும் வெள்ளமும் அங்கே தடைகள் மட்டுமல்ல, போட்டியின் பகுதிகளாகும்.

இத்தகைய பயணங்கள் பெரும்பாலும் பழைய வெட்டுமரப் பாதைகளிலும் தோட்டப் பாதைகளிலும் அமைகின்றன. செம்பனைத் தோட்டத்தில் எல்லா நிரைகளும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு திருப்பங்களுக்குப் பிறகு, வந்த திசை எது என்பதே தெரியாமல் போகும். அக்காலத்தில் விடியுமுன்னே பால்மரம் சீவச் சென்றவர்கள் தங்கள் நிரையை இருளிலும் அறிந்திருந்தார்கள். அந்தப் பழக்கம் இல்லாத புதியவருக்குத் தடப்பதிவுதான் அந்த அறிவுக்கு ஈடாக நிற்கிறது.

ஆனால், வரைபடத்தில் காணும் கோடு நேற்றைய நிலையைச் சொல்வது. நேற்றிரவு பெய்த மழையில் மண் சரிந்ததையோ மரப்பாலம் அடித்துச் செல்லப்பட்டதையோ அது அறியாது. ஆற்றைக் கடக்கும் இடத்தைக் கருவி காட்டும். அதன் ஆழத்தைக் காட்டாது. "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்னும் பழமொழி சக்கரத்திற்கும் பொருந்தும். வாகனத்தை நிறுத்தி, இறங்கி, நீரின் வேகத்தையும் கரையின் நிலையையும் பார்ப்பவரே பாதுகாப்பாக வீடு திரும்புகிறார். ஐயம் இருந்தால் திரும்பிவிடுவதே சிறந்தது.

தடம் பதிப்போரின் கடமை

இயற்கையை நாடிச் செல்பவர்கள் அதற்குத் தீங்கு விளைவிக்கவும் கூடும். ஒரு பெட்டியை நோக்கி ஒருவர் புதர்களை மிதித்துக்கொண்டு நேராகச் சென்றால் செடிகள் மீண்டும் நிமிர்ந்துவிடும். அவர் பகிர்ந்த தடத்தைப் பின்பற்றி நூறு பேர் சென்றால் அங்கே ஒரு புதிய பாதை உருவாகிவிடும். மழைநீர் அப்பாதை வழியே ஓடி மண்ணை அரிக்கும். வாகனச் சக்கரங்கள் ஏற்படுத்தும் காயம் இன்னும் ஆழமானது. எனவே, ஏற்கெனவே உள்ள பாதையை விட்டு விலகாதிருப்பது இச்சாகசங்களின் முதல் ஒழுக்கமாகும். அரிய செடியோ பறவைக் கூடோ இருக்கும் இடத்தின் எண்களை ஊரறியப் பகிராமல் இருப்பதும் ஒரு பொறுப்புதான். இதை உணர்ந்த ஜியோகேச்சிங் ஆர்வலர்கள், பெட்டியைத் தேடிச் செல்லும் வழியில் கிடக்கும் குப்பைகளைப் பொறுக்கிவரும் வழக்கத்தையும் வளர்த்துள்ளனர்.

'நான் எங்கே இருக்கிறேன்?' என்னும் ஒரே கேள்விக்குத்தான் ஜி.பி.எஸ். விடை தருகிறது. 'மேலே செல்லலாமா, திரும்பலாமா?' என்னும் கேள்விக்கு அதனிடம் விடை இல்லை. பொழுது சாய்கிறதா, குழுவில் யாரேனும் களைத்துவிட்டனரா, ஆற்று நீர் கலங்கி வருகிறதா என்பவற்றைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் கருவியைக் கையில் வைத்திருப்பவரே. புறப்படும் முன் செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்வதற்கு எந்தச் செயற்கைக்கோளும் தேவையில்லை. ஆனால், குறித்த நேரத்தில் ஒருவர் திரும்பாதபோது தேடுதலைத் தொடங்கி வைப்பது அந்தத் தாள்தான்.

சிந்தித்து விடை கூறுக

1. இடத்தைக் கணிக்க நான்காவது செயற்கைக்கோள் ஏன் தேவைப்படுகிறது?

2. தொலைபேசித் தொடர்பு இல்லாத இடத்திலும் ஜி.பி.எஸ். செயல்படும். ஆயினும் வழி தவறியவர் இருக்கும் இடம் பிறருக்குத் தெரியாது. இதற்கான காரணத்தை விளக்குக.

3. ஓர் இடத்தின் அட்சரேகை வடக்கு 3 பாகை 15.300 நிமிடம். இதனைப் பாகையில் மட்டும் எழுதுக. ஒருவர் இதனை 3.1530 பாகை எனத் தவறாக எழுதினால், அவர் காட்டும் இடம் ஏறத்தாழ எத்தனை கிலோமீட்டர் விலகும்?

4. "முகாம் 400 மீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது, குறுக்கே இறங்கிவிடலாம்" என்று குழுவில் ஒருவர் கூறுகிறார். நீர் அவருக்கு என்ன விடை கூறுவீர்? காரணங்களுடன் எழுதுக.

5. உம் பள்ளி வளாகத்தில் ஒரு புதையல் தேடும் விளையாட்டை நடத்துவதற்கு ஐந்து விதிமுறைகளைக் குழுவாகக் கலந்துரையாடிப் பட்டியலிடுக.